நாகேஸ்வரி உடைத்த பொருட்கள்

ஆரம்ப வகுப்புகளுக்குப் புதிதாக ஆசிரியராக வந்திருக்கும் தங்கச்சிமாருக்கும் தம்பிமாருக்கும் கற்பித்தல் முறைகளைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. அதையெல்லாம் நீங்கள் கல்லூரியில் முறையாகப் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். நான் சொல்ல நினைப்பது ஒரேயொரு முறைப்பாட்டைப் பற்றி. எந்த ஊருக்கு மாற்றலாகிப் போனாலும், பெற்றோர் கூட்டம் எப்போது வைத்தாலும், அது உங்களைத் தேடி வரும். "புள்ளைக்குச் சாமான்ட அருமை தெரியுதில்ல, டீச்சர். நீங்களாவது சொல்லிக் குடுங்க."

நானும் சொல்லிக் கொடுத்துப் பார்த்தவள்தான். பென்சில் தொலைப்பவர்களுக்குப் பென்சிலின் நுனியில் பள்ளம் வெட்டி, நூல் கட்டிக் கழுத்தில் மாட்டிவிடுவேன். வகுப்பில் பாதிப் பேர் தாலி கட்டிக்கொண்டது போல இருப்பார்கள். பென்சிலையும் தொலைத்துவிட்டு வெறும் நூலோடு வந்து நின்றவர்களும் உண்டு. யாருடைய வாய்க்குள்ளிருந்தாவது அழிறப்பரை எடுத்துக் கழுவிக் கொடுப்பது அன்றாட வேலை. இதெல்லாம் சின்னப் பிள்ளைகளின் வழமை. வயது ஏறும்போது தானாகப் போய்விடும். இதற்காக நீங்கள் நித்திரை கெட வேண்டியதில்லை. ஆனால் எப்போதாவது வேறு மாதிரியான ஒரு பிள்ளை வரும். எனக்கு அப்படி வந்தவள் நாகேஸ்வரி.

யுத்த காலம் அது. வந்தாறுமூலைக்கு அப்பால், வாவிக்கரையை ஒட்டிய ஒரு சின்னப் பாடசாலையில் நான் மூன்றாம் ஆண்டுக்குப் பொறுப்பாக இருந்தேன். தன்னாமுனையிலிருந்து சைக்கிளில் போய் வருவேன். சோதனைச்சாவடிகளில் இறங்கி உருட்ட வேண்டும், தாண்டியதும் ஏறி மிதிக்க வேண்டும். அந்த வருடம் வாகரைக்கும் வடக்கேயிருந்து கரையோரச் சனங்கள் இடம்பெயர்ந்து வந்து, பாடசாலைக்கு அடுத்த வெறுங்காணியில் ஓலைக் கொட்டில்கள் போட்டுக் குடியிருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளையும் எங்கள் பாடசாலையில் சேர்த்துக்கொண்டோம். உட்கார வாங்குகள் போதாது. ஊர்ப் பிள்ளை ஒன்று, முகாம் பிள்ளை ஒன்று என்று நெருக்கி நெருக்கி இருத்தினோம். முதல் கிழமை ஒருவரையொருவர் முழங்கையால் இடித்துக்கொண்டிருந்தவர்கள், அடுத்த கிழமை ஒரே வெரளிக்காயை மாறி மாறிக் கடித்துக்கொண்டிருந்தார்கள்.

நாகேஸ்வரி மீன்பிடிகாரர் ஒருவரின் மகள். மெலிந்த பிள்ளை. கதைப்பது குறைவு, கணக்கில் கெட்டிக்காரி. அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. புதிதாக எது கையில் கிடைத்தாலும் அன்று பின்னேரத்துக்குள் அதில் ஒரு சேதம் இருக்கும். பென்சில் கொடுத்தால் நடுவில் ஒடித்து இரண்டு துண்டாக்கிவிடுவாள். அப்பியாசக் கொப்பி கொடுத்தால் மேலட்டையைக் கிழித்துவிடுவாள். நிவாரணமாக வந்த தண்ணீர்ப் போத்தலின் மூடியைக் கல்லில் தட்டி வெடிக்க வைத்தாள். நிறப்பென்சில் பெட்டி ஒன்று கிடைத்தபோது, ஒவ்வொன்றாக எடுத்து ஒடித்து, ஒடித்த துண்டுகளை அதே ஒழுங்கில் பெட்டிக்குள் அடுக்கி வைத்தாள்.

கோபக்காரப் பிள்ளைகள் உடைப்பதை நான் கண்டிருக்கிறேன். முகம் சிவந்து, எறிந்துவிட்டு, பிறகு அழுவார்கள். இவள் அப்படியில்லை. சட்டைக்குப் பொத்தான் தைப்பவள் போல அவ்வளவு கவனமாக உடைப்பாள். உடைத்த பிறகு அந்தப் பொருளை எவ்வளவு பத்திரமாக வைத்திருப்பாள் தெரியுமா? அரைப் பென்சிலை விரல் நுனியில் பிடிக்க முடியாமல் போகும்வரை எழுதுவாள். வகுப்பில் பென்சிலே தொலைக்காத ஒரே பிள்ளை அவள்தான். இந்த இரண்டையும் ஒன்றாக வைத்து யோசிக்க அப்போது எனக்குத் தோன்றவில்லை.

ஏன் உடைத்தாய் என்று கேட்டால் குனிந்துகொள்வாள். மற்ற ஆசிரியர்கள் ஆளுக்கொரு விளக்கம் சொன்னார்கள். இலவசமாக வருகிற சாமானுக்கு மதிப்பிராது என்றார் ஒருவர். பயத்தில் நரம்பு தளர்ந்த பிள்ளை என்றார் இன்னொருவர். இனி அவளுக்கு ஒன்றும் கொடுக்காமல் விட்டால் தானாகத் திருந்துவாள் என்று சொன்னவரும் உண்டு. நான் கொடுத்துக்கொண்டேதான் இருந்தேன். அதற்குப் பெரிய காரணம் எதுவுமில்லை. பிள்ளை எழுத வேண்டும், அவ்வளவுதான்.

அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள் மாலினி. சந்தியில் பலசரக்குக் கடை வைத்திருந்த குணரெத்தினத்தின் ஒரே மகள். தாய் குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்குப் போயிருந்தாள். மாலினி வாய் ஓயாதவள். நாகேஸ்வரி வாய் திறக்காதவள். இரண்டு பேருக்கும் எப்படியோ பொருந்திப் போயிற்று. இடைவேளையில் மாலினி கதைத்துக்கொண்டே இருப்பாள், மற்றவள் அவளுடைய தலைமயிரைப் பின்னிவிட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் மாலினி புதுப் பென்சில் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தாள். தாய் யாரிடமோ கொடுத்தனுப்பியது. மூடியில் வெள்ளைக் குதிரை ஓடுகிற படம். திறந்தால் உள்ளே ஒரு கண்ணாடி. மூடும்போது காந்தம் டக்கென்று பிடித்துக்கொள்ளும். வகுப்பு முழுவதும் அந்த டக்கைக் கேட்பதற்காக வரிசையில் நின்றது. நானும் ஒருதரம் மூடிப் பார்த்தேன் என்று ஒப்புக்கொள்கிறேன்.

சில நாள் கழித்து, காலையிலேயே ஹெலி ஒன்று வாவிக்கு மேலே தாழப் பறந்து சுற்றிக்கொண்டிருந்தது. அக்கரையிலிருந்து சனங்கள் மூட்டை முடிச்சோடு வருகிறார்கள் என்ற கதை பாடசாலைக்குள்ளும் வந்துவிட்டது. இடைவேளை முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குத் திரும்பினார்கள். மாலினி பையைத் திறந்தாள். பெட்டி அதற்குரிய இடத்திலேயே இருந்தது. மூடியிலிருந்த குதிரையின் மேல் கல்லால் கீறிய ஆழமான கோடுகள். உள்ளே கண்ணாடி குறுக்காக வெடித்திருந்தது.

யார் செய்தது என்று நான் கேட்டு முடிக்கவில்லை. நாகேஸ்வரி எழுந்து நின்று, "நான்தான் டீச்சர்" என்றாள். மாலினி மேசையில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். அன்று பாடசாலை விடும்வரை அழுதாள்.

குணரெத்தினம் பின்னேரமே வந்துவிட்டார். கெட்ட மனிதர் அல்ல. முகாமுக்குப் பால்மா கடனாகக் கொடுத்தவர் அவர். ஆனால் அன்று கதிரையைக் காட்டியும் அவர் இருக்கவில்லை. பெண்சாதி ஊர் பேர் தெரியாத வீட்டில் சட்டி பானை கழுவி அனுப்பிய சாமான் என்று பாடசாலை அதிபரிடம் சொன்னார். பிறகு, வேறு பெற்றோரும் தன்னோடு கதைத்திருக்கிறார்கள் என்றார். முகாம் பிள்ளைகளோடு இருந்தால் பேன் தொற்றுகிறது, சாமான் காணாமல் போகிறது, இப்போது உடைபடவும் தொடங்கிவிட்டது. அவர்களைத் தனிக் கொட்டிலில் வைத்துப் படிப்பியுங்கள்; இல்லையென்றால் நாங்கள் எங்கள் பிள்ளைகளை வேறு பாடசாலைக்குக் கொண்டுபோகிறோம். நாளைக் காலையில் எல்லோருமாக வருகிறோம், முடிவு சொல்லுங்கள் என்றார்.

அவர் போன பிறகு அதிபர் என்னை இருக்கச் சொன்னார். அமைதியான மனிதர். ஊர்ப் பிள்ளைகள் போய்விட்டால் பாடசாலையையே மூடிவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். முகாம் பிள்ளைகளைக் கொட்டிலுக்கு அனுப்பினால் அவர்கள் ஒரு மாதத்துக்குள் பாடசாலைக்கு வருவதையே நிறுத்திவிடுவார்கள் என்பதும் தெரியும். அந்த ஒரு பிள்ளையைக் கொஞ்சக் காலம் நிறுத்தி வைத்தால் ஊர் சமாதானமாகுமா என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். அவர் யோசித்துவிட்டு, "நிப்பாட்டுறதுக்கு முந்தி அந்தப் புள்ளைட வீட்ட ஒருக்காப் பாத்தித்து வாங்க, டீச்சர்" என்றார். என் வேலைக்காலம் முழுவதும் நான் பிறகு கைக்கொண்ட ஒரு பழக்கம் அந்தச் சொல்லிலிருந்து வந்தது. ஒரு பிள்ளையை வெளியே அனுப்ப நினைத்தால், முதலில் நீங்கள் அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போங்கள்.

ஊரடங்குக்கு இன்னும் நேரமிருந்தது. சைக்கிளை உருட்டிக்கொண்டு முகாமுக்குப் போனேன்.

நாகேஸ்வரியின் தாய் பூமணி, என்னைக் கண்டதும் பாயை உதறி விரித்தாள். செய்தி அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. கண் வீங்கியிருந்தது. நாகேஸ்வரி கொட்டிலின் மூலையில் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். எனக்குத் தேநீர் வந்தது. கோப்பைக்குப் பிடியில்லை. நான் சுற்றிவரப் பார்த்தேன். நிவாரணத்தில் எல்லாக் குடும்பத்துக்கும் கொடுத்த வாளி அங்கேயும் இருந்தது, விளிம்பு நெளிந்து. பிளாஸ்டிக் பேசினில் ஒரு கீறல். நான் இருந்த பாயின் ஒரு மூலை வெட்டப்பட்டிருந்தது. சுவரோரம் தொங்கிய நாகேஸ்வரியின் வெள்ளைச் சீருடையின் காலரில் ஒரு சின்னக் கிழிசல், தைக்காமல் அப்படியே.

நான் பார்ப்பதைப் பூமணி கண்டுகொண்டாள். வெட்கத்தோடு சிரித்தாள். "அவ ஒரு சாமானையும் முழுசா வெச்சிரிக்க விடமாட்டா, டீச்சர். அடிச்சும் பாத்தித்தன்."

அப்போது நாகேஸ்வரியின் தகப்பன் வேலாயுதம் வந்தார். வாழைச்சேனைத் துறைமுகத்தில் யாருடைய வள்ளத்திலாவது கூலிக்குப் போய் வருகிறவர். கையில் ஓலையில் பொதிந்த கொஞ்ச மீன். மகள் செய்ததைக் கேள்விப்பட்டதும் அவர் சத்தம் போடவில்லை, நிலத்தில் குந்திக்கொண்டார். எப்போதிலிருந்து இந்தப் பழக்கம் என்று கேட்டேன். அவர் தம் ஊரை விட்டு முதல் தடவை ஓடிய கதையைச் சொல்லத் தொடங்கினார்.

அன்று கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு காட்டு வழியாக ஓடியிருக்கிறார்கள். தோணியைக் கொண்டுபோக வழியில்லை. நல்ல தோணி, யாராவது எடுத்துவிடுவார்கள். அதனால் ஓடுவதற்கு முன்னர் வேலாயுதம் கோடாலியால் அதன் அடியில் ஒரு ஓட்டை போட்டார். நாகேஸ்வரி பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். பிறகு நிலைமை தணிந்து ஊருக்குத் திரும்பிப் போனபோது வீட்டில் ஒன்றுமில்லை.

"கதவையும் கழட்டித்துப் போயித்தாங்க, டீச்சர். ஆரு எண்டு தெரியா. கால் ஒடிஞ்ச கதிரையும் வெடிச்ச பானையும் மட்டும் கிடந்திச்சி. இவட தீபாவளிச் சட்டைய மடிச்சிப் பெட்டிக்குள்ள வெச்சிரிந்தம், அதுவும் போயித்து. கொடியில கிடந்த கிழிஞ்ச சட்டைய விட்டுத்துப் போயிருந்தாங்க. தோணி கரையில அப்பிடியே கிடந்திச்சி. ஓட்டைய அடைச்சித்து மறுகாத் தொழிலுக்குப் போனன்."

சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். மகளைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பூமணி வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். ஒரே கொட்டிலுக்குள் அவ்வளவு நாளும் இருந்த அவர்களுக்கும் அது அந்தக் கணத்தில்தான் விளங்கியது.

நான் எழுந்து போய் நாகேஸ்வரிக்குப் பக்கத்தில் இருந்தேன். மாலினியின் பெட்டியை ஏன் கீறினாய் என்று மெதுவாகக் கேட்டேன். அவள் தம்பியின் தலையைத் தடவிக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"காலையில ஹெலி சுத்தினதெல்லோ. ஓடவேண்டி வந்தா அந்தப் பெட்டிய எடுத்துருவாங்க. மாலினிட அம்மா வாறதுக்கு இன்னும் கன நாள் கிடக்காம். அதுவரைக்கும் பெட்டி அவகிட்ட இரிக்க வேணும்."

பொருளின் அருமை தெரியாத பிள்ளை என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தது இவளைத்தான்.

திரும்பும்போது சைக்கிளில் ஏறாமல் நடந்தேன். காலையில் அதிபரின் அறையில் எல்லாப் பெற்றோருக்கும் முன்னால் இதைச் சொல்லலாம். சொன்னால் சிலருக்குக் கண் கலங்கும். ஆனால் நாலு பேருக்கு முன்னால் சொன்ன சொல்லை நாலு பேருக்கு முன்னால் திருப்பி எடுக்க எந்த மனிதருக்கும் கஷ்டம். அதோடு, பிள்ளையின் நெஞ்சுக்குள் இருந்த ஒன்றைக் கூட்டத்தில் விரித்து வைக்க எனக்கு உரிமையில்லை. சொல்ல வேண்டிய ஆள் ஒருவர்தான். அவர் தனியாக இருக்கும்போது, இன்றைக்கே சொல்ல வேண்டும். இந்தத் தொழிலில் நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்பதைப்போல, யார் யார் இல்லாத இடத்தில் சொல்கிறீர்கள் என்பதும் முக்கியம்.

சந்தியில் குணரெத்தினம் கடையின் பலகைகளைப் பாதி பூட்டியிருந்தார். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பினாலும், இருக்கச் சொல்லி ஸ்டூலைத் தள்ளினார். முன் தட்டுகளில் சாமான் அதிகமில்லை. உள்ளே வைத்திருப்பார் என்பது ஊருக்கே தெரியும். ஓரத்தில் அவருடைய சைக்கிள் சாத்தியிருந்தது.

நான் நியாயம் கதைக்கவில்லை. மன்னிக்கச் சொல்லியும் கேட்கவில்லை. தோணியின் கதையை, தீபாவளிச் சட்டையின் கதையை, வேலாயுதம் சொன்னபடியே சொன்னேன். பிறகு அந்தப் பிள்ளை மாலினியின் தாயைப் பற்றிச் சொன்னதைச் சொன்னேன்.

அவர் நம்பவில்லை என்று முதலில் நினைத்தேன். தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு துணியை வைத்துவிட்டுத் தன் சைக்கிளைப் பார்த்தார். நானும் அப்போதுதான் அதைச் சரியாகப் பார்த்தேன். மட்கார்ட் இல்லை, மணி இல்லை. சட்டத்தில் பெயின்ட் திட்டுத் திட்டாகப் போய்க் கிடந்தது. ஆனால் சக்கரமும் சங்கிலியும் புத்தம் புதுசு.

"இது வாங்கி ஆறு மாசமும் இல்ல, டீச்சர்" என்றார். "வாங்கின அண்டைக்கே நான்தான் பெயின்ட சுரண்டின. ஆரும் கேட்டு வாங்கித்துப் போகாம இரிக்கத்தான்."

அரிசி மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து மாலினி வெளியே வந்தாள். அவ்வளவு நேரமும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அப்ப, அவ என்னோட கோவத்துல செய்யல்லயா, டீச்சர்?"

இல்லை என்றேன்.

"கோவமெண்டு நினைச்சித்தான் நான் அழுதன்" என்றாள்.

தகப்பன் அவளைப் பார்த்தார். குவைத்திலிருந்து வந்த பெட்டிக்காகத்தான் மகள் அழுதாள் என்று அவர் நினைத்திருந்தார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். எட்டு வயதுப் பிள்ளைக்கு எது பெரிது என்று பெரியவர்கள் இருவருமே பிழையாகக் கணக்குப் போட்டிருக்கிறோம்.

நான் புறப்படும்போது குணரெத்தினம் வாசல்வரை வந்தார். "நாளைக்கு நான் வரல்ல. மத்தவங்களுக்கு நீங்க என்னத்தையாவது சொல்லிக்கங்க" என்றார். காலையில் வந்த சிலர், அவர் வராததைக் கண்டு கொஞ்ச நேரம் முற்றத்தில் நின்று முணுமுணுத்துவிட்டுக் கலைந்தார்கள். அதிபர் பேன் தொற்றுவதைப் பற்றி மட்டும் கதைத்தார்; வேப்பெண்ணெய் வாங்கித் தருவதாகச் சொன்னார். எந்தப் பிள்ளையும் தனிக் கொட்டிலுக்குப் போகவில்லை.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் உங்களுக்குச் சொல்லவே தேவையில்லை. உடைப்பதன் காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் அவள் உடைப்பதை எப்படி நிறுத்துவது? இனி ஒருவரும் உன் சாமானை எடுக்க மாட்டார்கள் என்று சொல்லலாம். அது பொய். அந்தக் காலத்தில் அந்த வாக்குறுதியைக் கொடுக்க யாராலும் முடியாது. அந்தப் பிள்ளைக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும். பிள்ளையிடம் ஒருதரம் பொய் சொல்லி அகப்பட்டால், பிறகு கூட்டல் கழித்தல் சொன்னாலும் நம்பாது.

எங்கள் பக்கத்தில் மாடு வைத்திருப்பவர்கள் மாட்டுக்குக் குறி சுடுவார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு குறி. மேய்ச்சலுக்கு விட்ட மாடு வயல் வட்டைக்குள் எங்கே நின்றாலும், யாருடையது என்று குறி சொல்லிவிடும். ஒருநாள் வகுப்பில் அதைப் பற்றிக் கதைக்க விட்டேன். ஊர்ப் பிள்ளைகள் தங்கள் வீட்டுக் குறியைக் கரும்பலகையில் கீறிக் காட்டப் போட்டி போட்டார்கள். முகாம் பிள்ளைகளில் ஒருவன், தங்கள் வலையில் கட்டும் மிதப்புக் கட்டைகளிலும் அடையாளம் வெட்டுவார்கள் என்று எழுந்து சொன்னான். சரி, எல்லோரும் தங்கள் தங்கள் பொருளுக்கு ஒரு குறி கண்டுபிடியுங்கள் என்றேன். மாலினி, வெடித்த கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு பூ கீறினாள். நாகேஸ்வரி தகப்பனின் மிதப்புக் கட்டையிலிருந்த அடையாளத்தைக் கீறினாள், ஒரு கோடும் அதன் மேல் ஒரு வளைவும்.

பிறகு கை உயர்த்தினாள். அவளாகக் கை உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

"குறி போட்டா எடுக்க மாட்டாங்களா, டீச்சர்?"

முகாம் பிள்ளைகள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். யோசிக்க நேரமில்லை.

"எடுப்பாங்க, மகள்" என்றேன். "ஆனா எடுத்தாலும் அது ஒன்ட சாமான்தான். எடுத்தவனுக்கும் அது தெரியும். நீயே ஒடைச்சா அது ஒனக்கும் இல்லாமப் போயிரும்."

அவள் கையை இறக்கினாள். அடுத்த கிழமை கொடுத்த பென்சிலையும் ஒடித்தாள். ஆனால் நடுவில் அல்ல, நுனியில் கொஞ்சம். நான் காணாதது போல இருந்தேன். அதற்கடுத்ததை ஒடிக்கவில்லை, பல்லால் கடித்து வடுவாக்கினாள். பிள்ளைகள் திருந்துவது ஒரே நாளில் நடப்பதில்லை. இப்படி நுனியிலிருந்துதான் தொடங்கும்.

ஒரு காலை, கணக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தபோது சந்திப் பக்கம் துப்பாக்கிச் சூடு தொடங்கியது. பழக்கப்பட்ட பிள்ளைகள், நான் சொல்வதற்கு முன்பே வாங்குகளுக்குக் கீழே படுத்துவிட்டார்கள். நானும் படுத்தேன். ஓடுகளில் என்னவோ பட்டுத் தெறித்தது. ஒரு பிள்ளை மெல்லிய குரலில் தேவாரம் சொல்லத் தொடங்கியது. திரும்பிப் பார்த்தால் நாகேஸ்வரி எனக்கு ஒரு முழம் தூரத்தில். அவளுடைய இரண்டு கைகளிலும் ஒரு புதுப் பென்சில். இரண்டு பெருவிரல்களும் அதன் நடுவில். நகங்கள் வெளுத்திருந்தன. பென்சில் மெல்ல வளைவது எனக்குத் தெரிந்தது.

வேண்டாம் என்று சொல்லலாம். கையை எட்டிப் பிடிக்கலாம். என் கை பாதி தூரம் போயும்விட்டது. பிடித்தால் பென்சில் தப்பும். ஆனால் தப்ப வைத்தது நானாக இருக்கும். கையை இழுத்துக்கொண்டு, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டேன். பாடசாலை வாழ்க்கையில் நான் செய்த மிகக் கஷ்டமான வேலை அந்த முகத்தைத் திருப்பியதுதான்.

சத்தம் ஓய நெடுநேரம் எடுத்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து தூசியைத் தட்டினார்கள். யாருக்கும் காயமில்லை. நாகேஸ்வரி எழுந்து வாங்கில் இருந்தாள். கொப்பியை விரித்து, விட்ட இடத்திலிருந்து கணக்கைச் செய்யத் தொடங்கினாள். பென்சில் வேர்வையில் நனைந்திருந்தது. முழுசாக இருந்தது.

அன்று வீடு போகும் வழியில் சோதனைச்சாவடியில் என் பையைக் கொட்டிப் பார்த்தார்கள். கொட்டியவற்றைப் பொறுக்கும்போது நான் சிரித்துக்கொண்டிருந்தேன். பொறுக்க உதவிய பெண் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

பிறகு மாரி வந்தது. வாவி நிறைந்து முகாம் வாசல்வரை ஏறியது. ஒரு தொண்டு நிறுவனம் பிள்ளைகளுக்குக் குடை கொண்டுவந்து கொடுத்தது. நீலம், சிவப்பு, பச்சை. நாகேஸ்வரிக்குப் பச்சை. வாங்கிக்கொண்டு போகும்போது அவள் அதை விரிக்கவில்லை. எனக்கு மனதுக்குள் ஒரு பயம் இருந்தது.

மறுநாள் அடைமழை. பிள்ளைகள் கூட்டமாகக் குடை பிடித்து, ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் தெறித்து, சிரித்துக்கொண்டு வந்தார்கள். கடைசியாக நாகேஸ்வரி வந்தாள். தலையிலிருந்து கால்வரை தெப்பமாக நனைந்து, பல் கிட்டிக்க நின்றாள். குடை எங்கே என்று கேட்டேன். சட்டைக்குள்ளிருந்து ஒரு பொதியை எடுத்தாள். சொப்பிங் பையால் சுற்றி, அதன் மேல் இன்னொரு பையால் சுற்றி, நூலால் கட்டியிருந்தது. அவிழ்த்துப் பார்த்தேன். துணியில் கிழிசல் இல்லை. ஒரு கம்பிகூட வளையவில்லை. ஒரு துளி ஈரம்கூட இல்லை.

ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டேன்.

"நனைஞ்சிருமே, டீச்சர்" என்றாள்.

வகுப்பு முழுவதும் சிரித்தது. மாலினி சிரித்துச் சிரித்து வாங்கிலிருந்து விழப் பார்த்தாள். எனக்கும் அடக்க முடியவில்லை. நாகேஸ்வரி எங்கள் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அவளுக்கும் அது விளங்கி, கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து நான் அதற்கு முன் கண்டதில்லை. முன்பல் ஒன்று விழுந்திருந்தது.

என் சேலைத் தலைப்பால் அவளுடைய தலையைத் துவட்டிவிட்டேன். பிறகு அவளையும் மாலினியையும் விறாந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பாடம் கொஞ்சம் பிந்தினால் பரவாயில்லை. குடையை விரிக்கும் வகையை மாலினி காட்டிக் கொடுத்தாள். நாகேஸ்வரி பொத்தானை அமுக்கினாள். அது படாரென்று விரிந்ததும் இருவரும் ஒரு அடி பின்வாங்கினார்கள். பிறகு தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு, மழை கொட்டும் முற்றத்தில் இறங்கினார்கள்.